முதுகுக்குப் பெல்ட் வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

கூன் விழாமல் இருக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. அது தோள்களைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது உன் தசைகள் செய்ய வேண்டிய வேலை. பெல்ட் இருக்கும் வரை அவை சும்மா இருக்கும். கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கே வந்துவிடும். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லிப் போடுகிற பெல்ட் வேறு. விளம்பரம் பார்த்து வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"நிமிர்ந்து உட்கார்" என்று யாராவது சொன்னால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பிசியோதெரபிஸ்ட் அம்மாவே இப்படிச் சொல்கிறாளே என்று நினைக்காதே, காரணம் இருக்கிறது. கடப்பாரையை விழுங்கியவன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே முதுகுத் தசைகள் களைத்துவிடும். அப்புறம் முன்னைவிட அதிகமாகச் சரிவாய். நினைத்து நினைத்துப் பிடித்து வைக்கிற நிமிர்வு, வேலையில் மூழ்கியதும் காணாமல் போய்விடும். தசையில் பலம் இருந்தால் நினைக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதுகெலும்பு நேர்கோடும் இல்லை. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய எலும்புகள் மொத்தம் 24. கழுத்தில் முன்பக்கமாக ஒரு வளைவு, நடுமுதுகில் பின்பக்கமாக ஒன்று, இடுப்பில் மறுபடியும் முன்பக்கமாக. நடக்கும்போதும் குதிக்கும்போதும் வருகிற அதிர்வை வாங்கிக்கொள்ள இந்த வளைவுகள் வேண்டும். அவற்றில் ஏதாவது ஒன்று அளவுக்கு மீறிக் கூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சங்கதி சொல்கிறேன். 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த நாச்செம்சன் என்ற மருத்துவர், உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) ஊசியைச் செலுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். ரொம்ப காலம் அதுதான் பாடம். 1999-ல் ஜெர்மனியில் வில்கே என்பவரின் குழு, ஒருவரின் இடுப்பு டிஸ்க்கில் கருவி பொருத்திப் பலவித நிலைகளில் அளந்து பார்த்தது. முதுகை விறைத்து நிமிர்த்தி உட்கார்ந்தபோது இருந்த அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான், நாற்காலியில் நன்றாகச் சரிந்து சாய்ந்தபோது இருந்தது! ஒரே ஒரு ஆளிடம் எடுத்த கணக்கு என்பதால் இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சரிந்து கிடக்காதே. உட்கார ஒரே ஒரு சரியான முறை இருக்கிறது, அதிலிருந்து நகர்ந்தால் ஆபத்து என்கிற பயம் வேண்டாம், அவ்வளவுதான். எப்படி உட்கார்ந்தாலும் சரி, மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் வம்பு.

ஏன் என்றால், வளர்ந்தவர்களுக்கு டிஸ்க்கின் உட்பகுதியில் ரத்தக் குழாயே கிடையாது. பக்கத்து எலும்புகளிலிருந்து மெல்ல ஊறி வருகிற சத்துதான் அதற்கு ஆகாரம். நீ எழுந்து, நடந்து, வளைந்து அசையும்போது அழுத்தம் கூடிக் குறைகிறது, உள்ளே நீர் போய்வருகிறது. பகல் முழுக்க உடம்பின் பாரம் அழுத்துவதால் கொஞ்சம் நீர் வெளியேறி, காலையில் இருந்ததைவிட ராத்திரிக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமே குறைந்துவிடும். படுத்துத் தூங்கினால் திரும்ப ஊறிவிடும்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. எழுந்தவுடன் டிஸ்க் நீர் ஏறி விம்மியிருக்கும். அந்த நேரத்தில் கால் விரலைத் தொடுவது, படுத்து எழுந்து வயிற்றைச் சுருக்குவது எல்லாம் வேண்டாம். நீண்டநாள் இடுப்புவலிக்காரர்கள் காலை வேளையில் குனிவதைக் குறைத்தபோது வலி குறைந்ததாக 1998-ல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டு ஆரம்பி. சாயங்காலம் செய்தாலும் சரி.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. போனைப் பார்க்கத் தலையை 60 டிகிரி கவிழ்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் விழும் என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது 2014-ல் ஒரு அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. யாருடைய கழுத்திலும் அளந்தது இல்லை. ஆனாலும் தலை முன்னால் போகப் போகப் பிடரித் தசைகள் அதிகமாக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது நிஜம். சாயங்காலம் பின்மண்டையில் ஆரம்பித்து நெற்றிவரை வருவதாக நீ சொல்கிற அந்தத் தலைவலி அதனாலும் இருக்கலாம்.

அதற்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது முகவாயைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி. சுவரில் முதுகு சாய்த்து நில், குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். பார்வை நேராக. இப்போது முகவாயைக் கீழே இறக்காமல், அப்படியே பின்னால் தள்ளு. இரட்டை நாடி விழும், அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பிடரி நீள்வது தெரிய வேண்டும். 5 விநாடி வைத்துவிட்டு விடு. 8 முதல் 10 தடவை. பாதிப் பேர் இதைத் தலையாட்டுவதாக மாற்றிவிடுவார்கள்; தலை குனியவும் கூடாது, அண்ணாக்கவும் கூடாது. முழு பலத்தையும் போடாதே. கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கிற சின்னத் தசைகளுக்கான வேலை இது, முரட்டுத்தனமாகச் செய்தால் வெளித்தசைகள் புகுந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்.

அதே சுவரில் இன்னொன்று. கைகளை முழங்கையில் மடக்கி, உள்ளங்கை முன்னால் தெரிய, புறங்கை சுவரில் படும்படி வை. சுவரை விட்டு விலகாமல் மெதுவாக மேலே கொண்டுபோய் இறக்கு. உன்னால் முதலில் முடியாது. நெஞ்சுத் தசைகள் சுருங்கிப்போனவர்களுக்குக் கை சுவரைத் தொடாது, தொட வைக்க இடுப்பை வளைத்துக் கள்ளாட்டம் ஆடுவார்கள். எதுவரை போகிறதோ அதுவரை போதும், விலா எலும்பு முன்னால் துருத்தக்கூடாது. கதவு நிலையில் இரண்டு முன்னங்கைகளையும் ஊன்றி ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை நீட்டிவிட்டு வந்தால் இது கொஞ்சம் சுலபமாகும்.

இடுப்புக்கு: உட்கார்ந்தே இருப்பதால் தொடையும் இடுப்பும் சேரும் முன்பக்கம் இறுகிப்போகும், பின்பக்கத் தசைகள் தூங்கும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுபாதத்தை முன்னால் வைத்து, ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கிக்கொண்டு லேசாக முன்னால் நகர். முதுகை வளைத்தால் ஒரு பயனும் இல்லை. பக்கத்துக்கு அரை நிமிடம். அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி இறக்கு, 10 தடவை.

கடைசியாகத் தவழும் நிலை. வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 5 முதல் 10 விநாடி, பிறகு மாற்றிச் செய். காலை உயரமாகத் தூக்குவதில் ஒரு பெருமையும் இல்லை; இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருந்தால்தான் பெருமை. மூச்சை மட்டும் அடக்காதே.

எல்லாம் சேர்த்து பதினைந்து நிமிடம்கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்கிறேன் என்று பேரம் பேசாதே. முதல் சில வாரங்களில் வருகிற முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது, தசை திரள இன்னும் நாள் ஆகும். அதனால் கண்ணாடியில் தேடாதே. சாயங்காலம் எப்படி இருக்கிறது, படி ஏறும்போது எப்படி இருக்கிறது என்று பார். சரிந்து கிடக்கும்போது விலாக்கூடு விரிய இடம் இல்லாமல் மூச்சு மேலோட்டமாகப் போகும். முதலில் மாறுகிறது அதுதான் என்று என்னிடம் வருகிற பலர் சொல்கிறார்கள்.

இதோடு நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. முதுகு மட்டும் தனியாக நன்றாக இருக்காது. இதயமும் சர்க்கரையும் தூக்கமும் அதே நடையில்தான் சரியாகும்.

மேசையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. லேப்டாப்பை உயர்த்தி வைத்துத் தனி கீபோர்டு போட்டுக்கொள், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். போன் பேசுவதை எல்லாம் நின்றுகொண்டு பேசு. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு.

பயிற்சியின்போது தசை இழுப்பதும் மறுநாள் லேசாக வலிப்பதும் சகஜம். சுரீரென்று குத்தினாலோ, வலி கைக்கோ காலுக்கோ இறங்கினாலோ நிறுத்திவிட்டு எனக்குச் சொல். கை கால் மரத்துப்போவது, பலம் குறைவது, காய்ச்சலோடு முதுகுவலி, படுத்தாலும் தீராமல் ராத்திரியில் எழுப்புகிற வலி, இவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் உணர்ச்சி குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைக்குப் போ. உனக்கு இப்போது அப்படி எதுவும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

முழங்கால் ஊன்றும்போது தரை உறுத்தினால் துண்டை மடித்துப் போட்டுக்கொள். முகவாய்ப் பயிற்சியைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பு. பின்னால் போகிறதா, கீழே போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா