கடன்–குத்தகைச் சட்டமும் கசாப்புக் கடைக் கொழுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேச நாடுகளுக்கு அமெரிக்கா செய்த உதவியை, அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார், ஆயுதங்கள் போய்ச் சேர்ந்தன என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனசுக்கு ஒப்பவில்லை.

நேச நாடுகளுக்கு ஆயுதமும் சரக்கும் உடனே காசு வாங்காமல் கொடுக்க வழிசெய்த கடன்–குத்தகைச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது 1941 மார்ச் 11. அப்போது அமெரிக்கா போரிலேயே இறங்கவில்லை. சரி, சட்டம் வந்துவிட்டது, சரக்கு எங்கிருந்து வரும்? சொந்தப் படைக்கும் வேண்டும், பிரிட்டனுக்கும் சோவியத்துக்கும் வேண்டும். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். டயருக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், அப்புறம் காபிக்கும். சமையலில் மிஞ்சிய கொழுப்பைக்கூட வீணாக்காமல் வடிகட்டி, டப்பாவில் சேர்த்து, கசாப்புக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் பெண்கள். அதிலிருந்து எடுத்த கிளிசரின் வெடிமருந்துக்குப் போனது. 1943 கடைசியிலிருந்து அதற்குக் காசோடு, ரேஷன் பொருள் வாங்கத் தேவையான புள்ளிகளும் கிடைத்தன.

கப்பல் கட்டியதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில், 'ராபர்ட் ஈ. பியரி' என்ற லிபர்ட்டி சரக்குக் கப்பலை 1942 நவம்பரில் வேலை தொடங்கி ஐந்து நாளுக்குள் தண்ணீரில் இறக்கினார்கள். விளம்பரத்துக்காகச் செய்தது என்பார்கள், இருக்கட்டும், அதே ரகத்தில் 2,700க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டியது விளம்பரம் இல்லையே. பெரிய பெரிய பாகங்களை முன்கூட்டியே செய்து வைத்து, ரிவெட் ஆணி அறைவதற்குப் பதில் வெல்டிங் வைத்து இணைத்தார்கள். அதனால்தான் அதுவரை கப்பல் பட்டறைப் பக்கமே வராத பெண்கள்கூடச் சீக்கிரம் வேலை பழகிக்கொள்ள முடிந்தது.

களத்தில் உயிரைக் கொடுத்தவர்களில் சோவியத் மக்களே மிக அதிகம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய கத்யூஷா ராக்கெட்டுகளைச் சுமந்து ஓடிய லாரிகளில் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிலாளிகள் செய்த ஸ்டூட்பேக்கர் நிறுவன லாரிகள்.

இவற்றையெல்லாம் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள்கூட இல்லை, சரக்குக் கப்பல் மாலுமிகள். 1942 ஜூலையில் பி.க்யூ. 17 என்ற கப்பல் கூட்டம் ஐஸ்லாந்திலிருந்து சோவியத் துறைமுகமான ஆர்க்கேஞ்சல்ஸ்க் போகும் வழியில், காவலுக்கு வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குத் திரும்பிவிட உத்தரவு வந்தது. தனியாக விடப்பட்ட சரக்குக் கப்பல்களில் பாதிக்கு மேல் ஜெர்மன் விமானங்களும் நீர்மூழ்கிகளும் மூழ்கடித்துவிட்டன. அப்படியும் அடுத்த கூட்டம் செப்டம்பரில் கிளம்பியது. அந்த மாலுமிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள், நான்கு பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், மதுரை