மூன்று தாக்குதல் முடிந்தால் தலை சரியாகிவிடுமா? சர்வதேச ஹேண்ட்பால் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

பாசெல் தலைமையகத்தில் இருக்கும் தலைவர், விதிகள் குழுவினர், மருத்துவக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

யோஆகிம் டெக்கார்ம் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மடலைத் தமிழில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஜெர்மனியின் ஹேண்ட்பால் வீரர். 1954-ல் சார்ப்ரூக்கனில் பிறந்தவர். 1973-ல் அந்நாட்டின் கும்மர்ஸ்பாக் கிளப்புக்கு வந்தார். குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர்தான் அது. ஆனால் எழுபதுகளில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளெல்லாம் அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே யோசிக்கும். டெக்கார்ம் வந்த பிறகு 1974, 75, 76 என வரிசையாக மூன்று தேசியப் பட்டங்கள். 1974-ல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையும் சேர்ந்தது. மேற்கு ஜெர்மனிக்காக அவர் ஆடியது 104 ஆட்டங்கள், அடித்தது 381 கோல்கள். இன்றைக்கு ஓர் அணி முப்பது கோல் அடிப்பது சாதாரணம்; அன்று அப்படியில்லை. 1978 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் சோவியத் அணியை வீழ்த்தி மேற்கு ஜெர்மனி உலக சாம்பியன் ஆனதே 20-19 என்ற கணக்கில்தான். அந்தக் கஞ்சத்தனமான காலத்தில் ஆட்டத்துக்கு மூன்றரைக்கு மேல் சராசரி வைத்திருந்தவரை அன்றைய உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஓராண்டுக்குச் சற்று கூடுதலான காலம்தான். 1979 மார்ச் 30, ஹங்கேரியின் டட்டபான்யா நகரம், கோப்பை வென்றோர் கோப்பை என்ற ஐரோப்பியக் கிளப் போட்டியின் அரையிறுதி. முதல் பாதியிலேயே எதிரணி வீரரும் டெக்கார்மும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். டெக்கார்ம் நின்ற இடத்திலேயே நினைவிழந்தார். நினைவு இருந்திருந்தால் கையாவது ஊன்றியிருப்பார். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போட்ட கான்கிரீட் தரையில் தலை நேராகப் போய் அடித்தது. 131 நாள் கோமா. அப்போது வயது 25. கண் விழித்த பிறகு பேச்சு, நடை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. பழையபடி திரும்பவே இல்லை. கும்மர்ஸ்பாக் அந்த ஆண்டு அந்தக் கோப்பையை வென்றது.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்று யாரும் முரட்டு ஆட்டம் ஆடவில்லை, அது விபத்து. நான் கீழே கேட்கப்போகும் விதி அன்றே இருந்திருந்தாலும் அந்த மோதலைத் தடுத்திருக்காது. அடி வாங்கிய மூளைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது உங்கள் ஆட்டத்துக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவரைச் சொல்கிறேன்.

தெரிந்தும் உங்கள் விதிப்புத்தகம் எப்படி இருக்கிறது?

2016-ல் ஒரு விதி கொண்டுவந்தீர்கள். களத்துக்குள் சிகிச்சை பெற்ற வீரர் வெளியே போக வேண்டும். அவருடைய அணியின் மூன்றாவது தாக்குதல் முடிந்த பிறகே திரும்பலாம் (அணியின் கைக்குப் பந்து வந்து, கைவிட்டுப் போகும் வரை ஒரு தாக்குதல்). அடிபட்டதுபோல் படுத்து நேரத்தை ஓட்டுபவர்களுக்கு எதிரான விதி இது. அந்த அளவில் நல்ல விதிதான், வேலையும் செய்கிறது. ஆனால் தலையில் அடிபட்டவருக்கும் இதே கணக்குதான். நடுவர் சைகை காட்டியதும் இருவர் பையோடு ஓடி வருகிறார்கள், குளிர் ஸ்ப்ரே, ஒரு வாய்த் தண்ணீர், "என்ன, முடியுமா?" வீரர் தலையாட்டுகிறார். முடியாது என்று எந்த வீரர் சொல்லியிருக்கிறார்? பெஞ்சில் உட்கார்ந்து மூன்று தாக்குதலை எண்ணுகிறார். அதற்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். மூளை அதிர்ச்சியை முறையாகச் சோதிக்கவே குறைந்தது பத்து நிமிடம் வேண்டும் என்கிறது விளையாட்டு மருத்துவம்.

விலக்குகள் இன்னும் விசித்திரம். பந்து கோல்கீப்பரின் தலையில் பட்டுச் சிகிச்சை தேவைப்பட்டால் அவர் வெளியே போக வேண்டியதே இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்து. அடி தலையில்தான் என்று ஊரே பார்த்த பிறகும் அவர் மட்டும் உடனே ஆடலாம்! எதிரணி செய்த தவறுக்கு அடிபட்டவருக்கும், தவறு செய்தவர் தண்டிக்கப்பட்டால், இதே சலுகை. விதியை எழுதியவர்களின் நோக்கம் புரிகிறது: அடி வாங்கிய அணி ஆளையும் இழக்கக் கூடாது. ஆட்டத்துக்கு அது நியாயம்தான், மண்டைக்கு இல்லை. 2022-ல், தடையின்றி எறியும்போது கோல்கீப்பரின் தலையில் அடித்தால் இரண்டு நிமிட நீக்கம் என்றீர்கள். வரவேற்கிறேன். எறிந்தவர் உட்காருகிறார், அடிபட்டவர் நிற்கிறார். அது தலைகீழாக இல்லையா?

கால்பந்துக்காரர்களுக்காவது ஒரு சாக்கு உண்டு. மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால் ஒருவரை வெளியே எடுப்பது அவர்களுக்குப் பெரிய முடிவு. உங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. ஒரு கோல்கீப்பர் வெளியே வந்ததும் இன்னொருவர் உள்ளே ஓடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆட்டத்தை நிறுத்தக்கூட வேண்டாம். இத்தனை வசதியுள்ள ஆட்டத்தில் தலை அடிபட்டவரைக் களத்திலேயே வைத்திருக்க என்ன காரணம் சொல்வீர்கள்?

ஆகவே கேட்பது இதுதான். தலையில் அடிபட்ட யாரும், கோல்கீப்பரோ மற்றவரோ, தவறால் அடிபட்டாரோ தற்செயலோ, உடனே வெளியே வர வேண்டும். எந்த அணியிடமும் சம்பளம் வாங்காத மருத்துவர் சோதித்து அனுமதித்தால் மட்டும் திரும்பட்டும். சில லீக்குகளும் கிளப்புகளும் தங்கள் அளவில் அக்கறையோடு இருக்கலாம். ஆனால் ஒரு கோல் வித்தியாசத்தில் ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போது அணி மருத்துவரால் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல முடியுமா? அந்தச் சங்கடத்தை அவர் தலையில் கட்டாதீர்கள், விதியே சொல்லிவிடட்டும்.

இன்னொன்று, பணம். டெக்கார்முக்காக ஜெர்மன் விளையாட்டு உதவி அறக்கட்டளை தனி நிதி வைத்தது, 1978 அணியின் தோழர்கள் விடாமல் துணை நின்றார்கள். அவர்களில் ஹைனர் பிராண்டும் ஒருவர். 2007-ல் பயிற்சியாளராகவும் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். அந்த நட்பைக் கும்பிடலாம். ஆனால் டெக்கார்ம் உலக சாம்பியன், ஊருக்கே தெரிந்த முகம். இரண்டாம் மூன்றாம் நிலை லீக்கில், பெயர் தெரியாத ஒருவருக்கு இது நடந்தால் யார் நிதி திரட்டுவார்கள்? உங்கள் பெயரில் நடக்கும் எந்தப் போட்டியில் ஆடினாலும், ஆயுள் முழுக்கச் செலவைத் தாங்கும் காப்பீடு கட்டாயம் என்று எழுதுங்கள். ஆண்கள் உலகக் கோப்பையும் ஐரோப்பிய நாடுகளுக்கான சாம்பியன்ஷிப்பும் மாறி மாறி ஒவ்வொரு ஜனவரியும் வருகின்றன. வீரர்களுக்கு ஓய்வு குறைத்துச் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

2027 ஜனவரியில் ஆண்கள் உலகக் கோப்பை ஜெர்மனியில் நடக்கிறது. முதல் ஆட்டத்துக்கு முன் அந்த இரண்டு விலக்குகளையும் நீக்கிவிடுங்கள். காப்பீட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும் என்றால் தேதியையாவது அறிவியுங்கள்.

இப்படிக்கு,
இந்த ஆட்டத்தின் ரசிகர்