பிஸ்கட் டின்னில் ஏழு பாஸ்போர்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் வந்தால் உங்கள் பத்திரிகையில் ஏதாவது ஒரு கிறிஸ்தவ சபையார் அரிசி, எண்ணெய், மைலோ எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பொட்டலம் கொடுக்கும் படம் வரும். நானும் அப்படிச் சில படங்களில் ஓரமாக நின்றிருக்கிறேன். நல்ல காரியம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பொட்டலத்தை நீட்டுகிறவரிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று நம் சபைகளில் யாரும் கேட்பதில்லை. இதை எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

நான் மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூல்காரி. 2023-இல் துப்புரவுக் குத்தகை எடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதினேன். முதலாளி சபைக்காரர், ஜெபத்தில் கண்ணீர் விடுவார், எல்லாரையும் கையைப் பிடித்து நலம் விசாரிப்பார், கெட்டவர் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வராது. அவரிடம் ஏழு வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வேலைக்கு வந்து போகும் நேரம் பதிகிற பஞ்ச் கார்டில் தினம் பத்து மணி நேரம் இருக்கும், சம்பளச் சீட்டில் எட்டு என்று நான்தான் டைப் செய்வேன். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்று போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 10 வெள்ளி 80 காசு, தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள், ஆக ஆளுக்கு 560 வெள்ளிக்கு மேல் போச்சு. கிறிஸ்துமஸுக்கு அதே ஏழு பேருக்கும் பொட்டலம் கொடுத்தோம், ஒன்று 60 வெள்ளி இருக்கும், ஜெபம் பண்ணித்தான் கொடுத்தோம்.

அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், ரப்பர் வளையம் போட்டு, என் மேசை இழுப்பறையில் இருந்தன. தொலைத்துவிடுவார்கள், அதனால் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பார் முதலாளி. இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "அக்கா, அம்மாவுக்கு முடியலை, ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட் குடுங்க" என்றான். முதலாளி உபவாச ஜெபத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. சாவி என் கைப்பையில்தான் இருந்தது. திங்கட்கிழமை பாஸிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி என்று அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அவனுடைய அம்மா இறந்துபோனார்.

அடுத்தவர் பாஸ்போர்ட்டை இப்படிப் பிடித்து வைப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் (பாஸ்போர்ட்) சட்டப்படி குற்றம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் சட்டம் தெரியாததாலா கொடுக்காமல் இருந்தேன்? முதலாளி கோபிப்பாரே என்ற பயம்தான்.

அதற்குப் பிறகு வேதம் வாசிக்கும்போது, முன்பு தாண்டிப் போன இடங்களில் கண் நிற்கிறது. உபாகமம் 24-இல் கூலிக்காரனுக்கு அன்றைக்கே, பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிடு என்று இருக்கிறது, அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊரில் இருக்கிற அந்நியனானாலும் சரி. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவர் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். என் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றவர் அதோடு நிறுத்தவில்லை, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு அது இரண்டு தனித்தனிப் பத்தியாகத்தான் தெரிகிறது. நாங்கள் முதல் பத்தியை மட்டும் எழுதிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம்.

நீதி என்றால் நம் ஆட்களுக்குக் கோர்ட்டும் அரசியலும்தான் ஞாபகம் வரும், பரிசுத்தம் என்றால் குடி, சிகரெட், சினிமா. சபையில் பிள்ளைகளுக்கு நடத்தும் திடப்படுத்தல் வகுப்பில் பொய் சொல்லாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், சம்பளச் சீட்டில் பத்தை எட்டாக்குவதும் பொய்தான் என்று யாரும் சொன்னதில்லை. இத்தனைக்கும் நம் தாத்தா பாட்டிமார், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தைத் தலையில் சுமந்துகொண்டு தமிழ்நாட்டிலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்த காலம். அந்தக் கஷ்டத்தைச் சாட்சியாகச் சொல்லி அழுகிற நாமே இன்னொரு பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கலாமா?

2025 ஆகஸ்ட் முதல் சின்ன முதலாளிகளும் 1,700 வெள்ளி கொடுக்க வேண்டும், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்குப் போக வேண்டும். போதகர்களே, செயற்குழுவுக்கு ஆள் எடுக்கும்போது தசமபாகத்தைக் கேட்கிறீர்கள், இதையும் கேளுங்கள். கணக்கு எழுதும் தங்கைகளே, சாவி உங்களிடம் இருந்தால் டின்னைத் திறந்து கொடுத்துவிடுங்கள்.

நான் வேலையை விடுவதற்கு முன்னால் ஏழு பேருடைய பஞ்ச் கார்டையும் உட்கார்ந்து கூட்டி, ஆளுக்கு எவ்வளவு பாக்கி என்று தனித்தனித் தாளில் எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மற்ற ஐந்து தாளின் நகலும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்