குட்டி வீட்டு கல் சிங்க்குக்கு நிஜ மணல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல டால்ஹவுஸ் மினியேச்சர், அதாவது பொம்மை வீட்டுக்கான குட்டிச் சாமான் செய்யுறத பத்தி ஒரு முழுப் பக்கம் வந்திருந்துச்சு, அதுக்கு முதல்ல நன்றி, இந்த வேலைக்கு ஒரு பேப்பர் இவ்ளோ இடம் குடுக்கறதே பெரிய விஷயம். குட்டி நாற்காலி, குட்டி ஜன்னல் பத்தி எழுதினதெல்லாம் சரியாவே இருந்துச்சு. ஆனா கல் சாமான் செய்யுற பகுதில, அதாவது சிங்க், வாஷ்பேசின், பாத்டப், ஃபயர்ப்ளேஸ், கிச்சன் மேடை இதெல்லாம் கல்லு மாதிரி செய்யுறதுக்கு குடுத்த யோசனை ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல. நிஜமா தெரியணும்னா நிஜ மணலும் மீன் தொட்டி ஜல்லியும் ஒட்டுங்க, உடைஞ்ச கிரானைட் டைல் துண்ட வெட்டி வைங்கன்னு போட்டிருந்தீங்க, கடைசியில பளபளன்னு வார்னிஷ் அடிச்சா முடிஞ்சதுன்னும் போட்டிருந்தீங்க. இப்படி செஞ்சா கல்லு மாதிரி தெரியவே தெரியாது, புதுசா ஆரம்பிக்கிறவங்க அத செஞ்சு பாத்துட்டு நமக்கு இது வராதுன்னு விட்டுடுவாங்களேங்கற கவலையிலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

காரணம் அளவுதான். டால்ஹவுஸ்ல ரொம்ப பேர் எடுத்துக்கற ஸ்கேல் 1:12, நிஜத்துல ஒரு அடி இருக்கறது இங்க ஒரு இன்ச். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் டிசைன் பண்ணி 1924-ல முடிஞ்ச இங்கிலாந்து ராணி மேரியோட பொம்மை வீடு இன்னிக்கும் விண்ட்சர் கோட்டையில இருக்கு, அது இந்த அளவுதான், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ல இருக்கற தோர்ன் ரூம்ங்கற 68 குட்டி அறைகளும் பெரும்பாலும் இந்த அளவுதான். இப்ப இந்தக் கணக்க மணலுக்குப் போட்டுப் பாருங்க, அரை மில்லிமீட்டர் மணல் ஒண்ண சிங்க் மேல ஒட்டினா அந்த வீட்டுக்குள்ள அது 6 மி.மீ. பருக்கை, 3 மி.மீ. ஜல்லின்னா 36 மி.மீ. கல்லு, அப்படி முள்ளு முள்ளா இருக்கற தொட்டியில யார் பாத்திரம் கழுவுவாங்க? கிரானைட் டைல் துண்டும் அதே கதைதான். நிஜ கிரானைட்ல இருக்கற கறுப்பு வெள்ளைப் பருக்கை சாதாரணமா சில மில்லிமீட்டர் இருக்கும், டைல சின்னதா வெட்டினாலும் பருக்கை சின்னதாகாது இல்லையா, அது மேல ஒரு குட்டி டம்ளர வெச்சீங்கன்னா ஒரு பருக்கையே டம்ளர் வாய் அகலத்துக்கு நிக்கும். மார்பிள் ரேகையும் அப்படித்தான், 3 மி.மீ. ரேகை குட்டி வீட்டுக்குள்ள போனா கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் அகலமான பட்டையாயிடும். போதாததுக்கு 2 மி.மீ. கனத்துல நிஜக் கல்ல வீட்டுல அறுக்கப் பாத்தா சுலபமா உடைஞ்சுடும். நிஜக் கல்லு குட்டி வீட்டுக்குள்ள போனா பொய்யா தெரியும், அதனாலதான் நாம கையால கல்ல உண்டாக்க வேண்டியிருக்கு.

போலிக் கல்லுன்னா ஏதோ மட்டம்ங்கற மாதிரி ஒரு வரி உங்க கட்டுரையில இருந்துச்சு, அதுவும் சரியில்ல. கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சு புதைஞ்ச பாம்பேய் ஊர்ல வீட்டுச் சுவத்துல பூச்சு பூசி, கட்டம் கட்டமா கீறி, கலர் மார்பிள் பதிச்ச மாதிரி பெயின்ட் பண்ணியிருக்காங்க. இத்தாலியில 17-ம் நூற்றாண்டுல சர்ச்சுகள்ல ஸ்காலியோலான்னு ஒரு வேலை பெருசா வளர்ந்துச்சு, ஜிப்சம் பொடி, மிருகத் தோல், எலும்புல இருந்து எடுக்கற பசை, கலர்ப் பொடி மூணையும் பிசைஞ்சு மாவாக்கி பூசி, காஞ்சதும் தேய்ச்சு தேய்ச்சு பாலிஷ் ஏத்துவாங்க, கிட்ட போய் பாத்தாலும் மார்பிள்னே தோணும். அத ஒரு கலையா மதிக்கறோம், டால்ஹவுஸ்காரங்க செய்யுறதும் அதே வழிதான்.

சரி எப்படித்தான் செய்யுறதுன்னா, மார்பிள்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. மார்பிள் மேல விழுற வெளிச்சம் கொஞ்சம் உள்ள போய்ட்டுத்தான் திரும்பி வருது, அதனாலதான் அதுல ஒரு மெதுவான ஒளி இருக்கு, வெள்ளை பெயின்ட் மேல சாம்பல் கோடு இழுத்தா அது வராது. அதுக்கு டிரான்ஸ்லூசன்ட் (வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவுற) பாலிமர் க்ளே, அதாவது ஓவன்ல சுட்டா கெட்டியாகுற பிளாஸ்டிக் களிமண் எடுத்து கொஞ்சமே கொஞ்சம் வெள்ளை க்ளே சேர்த்து பிசைங்க, அத கத்தியால பொடிப் பொடியா கொத்துங்க, ஒரே அளவா கொத்தாதீங்க, பெருசும் சிறுசுமா கிடக்கட்டும். அந்தத் துண்டுங்க மேல சாம்பலும் துளி பழுப்பும் கலந்த அக்ரிலிக் பெயின்ட்ட லேசா தடவி, முழுசா காய விடுங்க, ஈரம் உள்ள மாட்டிக்கிட்டா சூட்டுல ஆவியாகி குமிழ் வரும். காஞ்சதும் எல்லாத்தையும் சேர்த்து அமுக்கி ஒரு கட்டியாக்குங்க. இப்ப பெயின்ட் எல்லாம் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மெல்லிசு ரேகையா ஓடும், கட்டிய ரெண்டு பக்கமும் பிடிச்சு லேசா இழுத்து ஒரு திருகு திருகினா ரேகை எல்லாம் ஒரு பக்கமா சாயும், இத்தாலி கராரா மார்பிள்ல பாக்கற அந்த சாய்வு அப்படியே வந்துடும். அப்புறம் பட்டையா சீவுங்க, நிஜ மேடைக் கல்லு 20 மி.மீ. இல்லன்னா 30 மி.மீ. கனம், அப்ப நமக்கு 1.7 இல்ல 2.5 மி.மீ., அதுக்கு மேல போனா மேடை மெத்தை மாதிரி தெரியும். ரெண்டு செராமிக் டைலுக்கு நடுவுல வெச்சு பேக் பண்ணா வளையாம தட்டையா வரும்.

இந்த முறையில எனக்கு பெரிய நிம்மதி என்னன்னா ரேகை கல்லுக்குள்ளயே ஓடுது, மேல தெரியுற ரேகை ஓரத்துலயும் இறங்கும். கல்லு போலியா நிஜமான்னு கண்ணு முதல்ல கண்டுபிடிக்கற இடம் ஓரம்தான், மேல மார்பிள் பேப்பர் ஒட்டி ஓரத்துல வெறும் வெள்ளை விட்டிருந்தா ஒரு நொடியில தெரிஞ்சுடும். பெயின்ட்ல செய்யுறவங்களும் ரேகைய விளிம்புல நிறுத்தாம மடிச்சு கீழ வரைக்கும் கொண்டு போகணும். அதே நேரம் ரெண்டு பலகை சேர்ற ஜாயின்ட்ல ரேகை தொடரக் கூடாது, நிஜத்துல அது ரெண்டு தனித் தனி கல்லு. ஜாயின்ட்டுக்கு பள்ளம் தோண்டி கிரவுட் (டைல் இடுக்குல அடைக்கிற கலவை) நிரப்பறாங்க சில பேர், 3 மி.மீ. ஜாயின்ட் நமக்கு கால் மில்லிமீட்டர்தான், கூரான பென்சில்ல ஒரு கோடு போதும்.

அடுத்து கல்லக் குடைஞ்ச மாதிரி சிங்க். அட்டையிலயோ மெல்லிசு மரத்துலயோ பெட்டி செஞ்சு மேல ஃபில்லர் (ஓட்டை அடைக்கிற பட்டி) பூசறதுதான் சுலபம், ஆனா உள் மூலை நாலையும் கூரா விட்டுடாதீங்க, கல்ல குடையுறவங்க மூலைய உருட்டித்தான் விடுவாங்க, அழுக்கு தங்காம இருக்கணும்ல. விரல் நுனியில ஈரம் தொட்டு ஃபில்லர வழிச்சு விட்டா அந்த உருட்டல் தானா வரும். அடித்தளம் தண்ணி போற ஓட்டைய பாத்து லேசா சாயணும். ஓட்டை அளவ ரொம்ப பேர் கண்டுக்கறதே இல்ல, நிஜ கிச்சன் சிங்க் ஓட்டை 90 மி.மீ. கிட்ட இருக்கும், அதனால நமக்கு ஏழரை மி.மீ., வாஷ்பேசினுக்கு 4 மி.மீ. கூட வேண்டாம். கனம்னு பாத்தா கல் சிங்க் சுவர் 3, 4 மி.மீ. இருக்கலாம், மெலிஞ்சா தகரமா தெரியும்.

கலர்ல ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும், கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்து சாம்பல் பண்ணாதீங்க, அது செத்த சிமென்ட் கலர், கல்லுல எப்பவும் கொஞ்சம் பழுப்போ பச்சையோ மஞ்சளோ ஒளிஞ்சிருக்கும், அம்பர் (மண் பழுப்பு), ஓக்கர் (மண் மஞ்சள்) துளித் துளியா சேர்த்தா உயிர் வரும். முதல்ல நடுத்தர சாம்பல் பூசுங்க, அப்புறம் ஸ்பாஞ்ச கையால பிச்சு (கத்திரியில வெட்டினா நேர் ஓரம் பதியும்) ஒண்ணுக்கொண்ணு ரொம்ப வித்தியாசமில்லாத மூணு சாம்பல ஒத்தி ஒத்தி எடுங்க. கிரானைட்டுக்கு கடைசியா டூத் பிரஷ்ல தண்ணியா கரைச்ச பெயின்ட்ட தொட்டு கட்டை விரலால பிரஷ் முடிய இழுத்து விட்டா தெறிக்கும், முதல் ரெண்டு தெறிப்ப பழைய பேப்பர்ல விட்டுடுங்க, பெரிய சொட்டெல்லாம் அதுல போயிடும், அப்புறம் தூரத்துல இருந்து தெறிச்சா அரை மில்லிமீட்டருக்கும் குறைஞ்ச புள்ளியா விழும், நமக்கு வேண்டியது அதுதான். மணற்கல்லுக்கு இதுவும் வேண்டாம், பெயின்ட்ல கொஞ்சம் பேக்கிங் சோடா கலந்து ஒத்தி, காஞ்சப்புறம் நைஸ் உப்புத்தாளால ஒரு தடவ தடவினா போதும்.

இப்ப வார்னிஷ். பிரஷ்ல அடிக்கிற கிளாஸ் வார்னிஷ் உள் மூலையில குட்டையா தேங்கும், கூரா இருக்க வேண்டிய விளிம்ப உருட்டிடும், இவ்ளோ சின்ன பொருள்ல அந்த ஒரு படலமே பிளாஸ்டிக்னு காட்டிக் குடுத்துடும். பாலிமர் க்ளேல செஞ்ச மார்பிளுக்கு வார்னிஷே தேவையில்ல, தண்ணி தொட்டு 400, 600, 1000 நம்பர் உப்புத்தாள்ல வரிசையா தேய்ச்சு ஜீன்ஸ் துணியில உரசினா பாலிஷ் போட்ட கல்லோட மினுமினுப்பு அதுவா வரும். பெயின்ட்ல செஞ்சதுக்கு மேட் வார்னிஷ் அடிச்சு, மனுஷங்க கை படுற இடத்த மட்டும், அதாவது சிங்க்கோட முன் விளிம்பு, பாத்டப் ஏறுற பக்கம், துணியால உரசி விடுங்க. அந்த வீட்டுல யாரோ தினமும் நின்னு வேல செய்யுறாங்கன்னு அந்த ஒரு இடம் சொல்லிடும். குழாய்க்கு நேர் கீழ உப்புக்கறைக்கு வெளிர் வெள்ளைய தண்ணியா ஒரு கோடு விடலாம், ஒண்ணே ஒண்ணு போதும், கறை போடுற ஆசையில முழு சிங்க்கையும் பாழாக்கினத நிறைய பாத்திருக்கேன்.

ஃபயர்ப்ளேஸ் சுலபம்தான். எக்ஸ்பிஎஸ் ஃபோம்ல (தெர்மகோல் மாதிரி, ஆனா கெட்டியான பலகை) பால்பாயின்ட் பேனாவால கல் வரிசைய கீறி, அலுமினியம் ஃபாயில கசக்கி உருண்டையாக்கி அமுக்கினா கரடுமுரடு பதிஞ்சுடும், கரடான கல் சுவருக்கு முட்டை அட்டைய பிச்சுப் பிச்சு ஒட்டினாலும் அருமையா வரும். ஃபோம் மேல சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க, அதுல இருக்கற சால்வென்ட் ஃபோம கரைச்சுடும், தண்ணியில கரையுற பெயின்ட் போடுங்க. புகைக் கரி ஃபயர்ப்ளேஸ் வாய்க்கு உள்ளயும் மேல் விளிம்புலயும் மட்டும்தான் படியும், கீழ தரையோரம் கறுப்பு தடவறது தப்பு, புகை மேல போறதுதானே.

இன்னொண்ணு, எடை. நீளம் அகலம் உயரம் மூணும் 12 மடங்கு குறைஞ்சா எடை 1728 மடங்கு குறையும், ஃபோம்ல செஞ்சா அதுக்கும் கீழ போயிடும், கல் பாத்டப் விரல் பட்டதும் நகர்ந்தா பாக்கறவங்க மனசு ஏத்துக்காது. அடியில தெரியாத இடத்துல ரெண்டு இரும்பு வாஷர் ஒட்டிடுங்க.

கடைசியா பாதுகாப்பு, இத நீங்க அவசியம் திருத்திப் போடணும்னு கேட்டுக்கறேன். சீக்கிரம் காய ஓவன் சூட்ட கூட்டி வைக்கலாம்னு அந்தப் பக்கத்துல இருந்துச்சு, அது ஆபத்து. பாலிமர் க்ளேல இருக்கறது பிவிசி, கருகுற அளவுக்கு சூடானா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணையும் மூச்சையும் எரிக்கும். பாக்கெட்ல போட்டிருக்கற சூடு, பெரும்பாலும் 110-ல இருந்து 130 டிகிரி செல்சியஸ்குள்ள, அத தாண்டக் கூடாது, ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள வெச்சுப் பாக்கணும், ஜன்னல் திறந்திருக்கணும், க்ளேக்கு எடுத்த தட்டும் கத்தியும் திரும்ப சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும், அதுக்குள்ள குழந்தைங்க கைய விட்டு அச்சு எடுக்க விடவே கூடாது. ப்ளாஸ்டரோ ஃபில்லரோ தேய்க்கும்போது மாஸ்க் போடணும்.

அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடும்போது எந்த ஸ்கேல்ங்கறதையும், ஒவ்வொரு பொருளுக்கும் மில்லிமீட்டர் அளவையும் சேர்த்துப் போடுங்க. படத்துல குட்டி சிங்க் பக்கத்துல ஒரு ஸ்கேல வெச்சு எடுத்தா இன்னும் நல்லது, படிக்கறவங்க அந்தப் படத்த வெச்சே வேலைய ஆரம்பிச்சுடலாம்.

இப்படிக்கு,
மினியேச்சர் செய்யும் ஒரு வாசகி