தையல் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

நலவாரியப் பதிவும் புதுப்பித்தலும் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கழுத்து, தோள்பட்டை வலி பற்றி.

பிடரியில் பிடித்து தோள் வரை இழுக்கும் வலி இல்லாதவர் நம்மில் குறைவு. எக்ஸ்ரே எடுத்தால் எலும்புதான் தெரியும், தசை தெரியாது. "ரிப்போர்ட் நார்மல்" என்று வந்ததும், வேலைக்குச் சோம்பல்பட்டு நடிப்பதாக வீட்டிலேயே பேச்சு வரும். கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுத்தாலோ, கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் "ஜவ்வு பிதுங்கியிருக்கு" என்பார்கள். அதைக் கேட்டுப் பயந்து மெஷினை விற்றவர்களும் உண்டு.

இதனால்தான் ஸ்கேன் மருத்துவர் ஒருவரை அழைத்துக் கூட்டம் நடத்தினோம். கழுத்தில் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்து, 2015-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்திருக்கிறது! கை மரத்துப்போவது, பலம் குறைவது போன்ற அறிகுறி இருந்தால் எம்.ஆர்.ஐ. அவசியம், வெறும் பிடிப்புக்கு அவசரப்பட வேண்டாம் என்றார்.

அப்புறம் தசைக்கு வந்தார். 2009-ல் அமெரிக்காவில் சித்தார்த்த சிக்தர், ஜே ஷா குழுவினர், பிடரித் தசையை மசாஜரால் அதிரவிட்டபடியே அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். விரலுக்கு முடிச்சாகத் தட்டுப்படும் இடம் கறுத்த நீள்வட்டமாகத் தெரிந்தது. சுற்றியுள்ள சதை நன்றாக அதிர, அந்த இடம் மட்டும் இறுகி நின்றது. எம்.ஆர்.ஐ.யோடு அதிர்வைச் சேர்த்து உடல் திசுக்களின் விறைப்பை அளக்கும் முறை 1995-ல் மேயோ கிளினிக்கில் வந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. 2007-ல் தசையின் இறுகிய பட்டைகளையும் அங்கே அதே முறையில் கண்டார்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷினை நம் மண்டபத்துக்கே கொண்டுவரச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், பதிவு செய்த இடத்தை விட்டு அதை நினைத்தபடி நகர்த்த முடியாது. அதனால் விருப்பப்பட்டவர்களை ஸ்கேன் சென்டருக்கே அழைத்துப் போனோம். காஜா எடுக்கும் அக்கா ஒருவர் திரையில் கறுத்த இடத்தைக் கண்டதும், "இதே இடம்தான் சார், ராத்திரி தூங்க விடாது" என்று சொல்லி அழுதுவிட்டார். சிலருக்குக் கடுமையான வலி இருந்தும் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் வலியும் நிஜம்தான். இன்றைக்கும் தொட்டுப் பார்த்துத்தான் இந்தத் தசை முடிச்சைக் கண்டறிகிறார்கள் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள் இதைக் குடும்பத்தாரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று தையல் தொழிலாளர்களின் தசை வலியை ஸ்கேன் வழியாக முறையாக ஆராய வேண்டும் என்று கேட்டு மனு தயாராகியிருக்கிறது. உறுப்பினர்கள் கையெழுத்திட்டுத் தாருங்கள். முதுகு சாயும் வசதியுள்ள, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல்களை மொத்தமாக வாங்கித் தவணையில் தரும் தீர்மானமும் இன்று உங்கள் முன் வருகிறது. அடுத்து, பொருளாளர் வரவு செலவு வாசிப்பார்.