வளர்ந்தபின் சரியாகிவிடும் என்று துப்பாக்கி வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழும் பெற்றோர், பிள்ளைக்கு முதல் ரைஃபிள் வாங்கும்போது பள்ளிச் சீருடை எடுக்கிற கணக்கையே போடுகிறார்கள். ஓர் அளவு பெரிதாக எடுத்தால் இன்னும் சில வருடம் ஓடும் என்பது அந்தக் கணக்கு. துணிக்கு அது சரி. துப்பாக்கிக்கு அப்படிச் செய்தால் பணமும் வீண், பிள்ளையிடம் படியும் தவறான பழக்கத்தைப் பிறகு மாற்றுவதும் பெரும்பாடு.

முதலில், தோளில் சாய்த்துப் பிடிக்கும் பின்கட்டையின் நீளத்தைப் பாருங்கள். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையிலிருந்து, தோளில் படும் தட்டின் நடுப்பகுதி வரை உள்ள தூரம்தான் அது. பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் ஏறத்தாழ 13½ அங்குலம் இருக்கும், அதாவது 34 செ.மீ. சிறுவர்களுக்கென்று வருபவற்றில் பெரும்பாலும் 11¼ முதல் 12½ அங்குலம். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடித் திறக்கும் தண்டை, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். குழல் ஆளில்லாத பக்கம் பார்த்திருக்க, பிள்ளை முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கட்டும். தட்டை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் சதைப்பகுதி இழுக்காமல் கொள்ளாமல் விசையில் படிய வேண்டும். நுனி மட்டும் எட்டினால் கட்டை நீளம். குளிர்காலத்தில் வேட்டைக்குப் போவதானால் தடித்த மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். கோட்டின் தடிமன் தட்டை இன்னும் முன்னால் தள்ளிவிடும்.

கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை எடையைத் தாங்க முடியாமல் இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து நிற்கும். தட்டு தோள்குழியில் அமராமல் மேற்கையின் எலும்பில் உட்காரும். ஸ்கோப்பில், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியில், முழு வட்டம் தெரியாததால் கழுத்தை நீட்டி முகத்தை முன்னால் கொண்டுபோகும். சாதாரண ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இருக்க வேண்டும். அது 5 ஆகக் குறைந்த நிலையில் ஒரு பெரிய தோட்டாவைச் சுட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். அதன்பிறகு அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுக்கும்.

வளரும் பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இடையில் செருகும் துண்டுகளோடு வரும் கட்டை. மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பாண்டம் போன்றவற்றில் ஒரு துண்டைச் சேர்த்தாலோ எடுத்தாலோ நீளம் ஓர் அங்குலம் மாறும். மற்றது, பழைய மரக்கட்டையைத் துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்து அறுத்துக்கொள்வது. அறுத்த துண்டைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று வருடம் கழித்து அதையே மீண்டும் பொருத்திக்கொள்ளலாம்.

வாங்கும் முன் எந்தக் கண் ஆளும் கண் என்றும் பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். கைகளை மெல்ல முகத்தருகே கொண்டுவரும்போது எந்தக் கண்ணுக்கு வந்து சேருகிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆளுவதாக இருந்தால், தொடக்கத்திலேயே இடத்தோளில் பழக்குவது பெரும்பாலும் எளிது.

அடுத்தது உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது. இங்கேதான் 'லேசானது, சின்னது, மலிவானது' என்ற மூன்றும் சேர்ந்து பெற்றோரை ஏமாற்றுகின்றன. தோட்டா ஒன்றாகவே இருந்தாலும் துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் கூடும். .243 வின்செஸ்டர் தோட்டா (இந்த எண்கள் ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்) 3.4 கிலோ ரைஃபிளில் ஏறத்தாழ 14 ஜூல் உதைக்கும். அதே தோட்டா, மடக்கித் திறக்கும் 2.4 கிலோ ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் 20 ஜூலைத் தொடும். .308 தோட்டாவை அந்த லேசான துப்பாக்கியில் போட்டால் 30 ஜூலைத் தாண்டும். பெரியவர்களே தோளைத் தடவிக்கொள்ளும் அளவு அது. கடையில் 'பிள்ளை கைக்கு லேசாக இருக்கும்' என்று காட்டப்படும் மலிவான துப்பாக்கிகள் பல இந்த வகைதான். கையில் தூக்கிப் பார்க்கும்போது தெரியாதது சுடும்போது தெரியும். கனமான ரைஃபிளைப் பிள்ளையால் நின்றுகொண்டு ஏந்த முடியாது என்றால் அதற்குத் தாங்குகோல் இருக்கிறது, மணல்மூட்டை இருக்கிறது. நடக்கும்போது பெரியவர் சுமந்துகொள்ளலாம்.

உதையைக் குறைக்கக் குழல்முனையில் திருகும் பிரேக்கை (வெடிவாயுவைத் திசைதிருப்பும் துளைக்குழாயை) மாட்டுவதைப் பிள்ளைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். உதை குறையும், ஆனால் வெடிச்சத்தம் பின்பக்கம் திரும்பிக் காதில் அறையும். .22 ரைஃபிளே 140 டெசிபல் அளவுக்குச் சத்தம் எழுப்பும். வேட்டைத் தோட்டாக்கள் 155-க்கும் மேலே போகும். காதுக்குள் நுரை அடைப்பான், அதன்மேல் மூடும் கவசம், இரண்டும் வேண்டும். கண்ணாடியும் கட்டாயம்.

எனவே முதல் ரைஃபிள் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்னும் சிறிய தோட்டாவுக்கானதாக, போல்ட் கொண்டதாக, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடக்கூடியதாக இருக்கட்டும். உதை அரை ஜூல்கூட இல்லை, தோட்டாவும் மலிவு. சாவேஜ் ராஸ்கல், கிரிக்கெட் என்ற பெயர்களில் வரும் ரைஃபிள்கள் இந்த வகையில் பரவலாகக் கிடைப்பவை. கிரிக்கெட்டில் போல்ட்டை மூடியபின் பின்னால் உள்ள குமிழைத் தனியாக இழுத்தால்தான் சுடத் தயாராகும். பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் சில சிறு விரல்களுக்கு உள்ளிருக்கும் சுருள்வில் கடினம், குமிழ் வழுக்கும். ராஸ்கலில் போல்ட்டை இயக்கும்போதே சுருள்வில் இறுகிச் சுடத் தயாராகிவிடும், விசையும் மென்மையானது. ஒன்றேகால் கிலோத் துப்பாக்கியில் இரண்டரைக் கிலோ இழுக்க வேண்டிய விசை இருந்தால், இழுக்கும்போதே குறி விலகிவிடும். விசையின் இழுப்பு 1.2 முதல் 1.6 கிலோ போதும்.

.22 முயலுக்கும் அணிலுக்கும்தான். மானுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. காயப்பட்டு ஓடி, புதரில் கிடந்து சாகும். 25 மீட்டரில் குண்டுகள் அருகருகே விழும்படி நிதானமாகச் சுடக் கற்றபிறகு, 1955இல் வந்த .243 வின்செஸ்டர் நல்ல அடுத்த படி. .223 இன்னும் மென்மையானதுதான். ஆனால் பல இடங்களில் மான் வேட்டைக்கு அந்த அளவுக் குழலைச் சட்டம் ஏற்பதில்லை. வாங்கும் முன் உங்கள் பகுதியின் விதியையும் வயது வரம்பையும் படித்துவிடுங்கள். பெரிய தோட்டாவில் பயிற்சி ஓர் அமர்வுக்கு ஐந்தாறு சூடு போதும், மீதியை .22இல் சுடட்டும். பிள்ளைக்குத் தெரியாமல் இடையில் வெடிமருந்து இல்லாத ஒரு போலித் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். வெடிக்காதபோதும் குழல் முனை கீழே குத்தினால், பயம் புகுந்துவிட்டது, உடனே .22க்குத் திரும்புங்கள்.

காசை மிச்சம் பிடிக்கப் பழைய ரைஃபிள் நல்ல வழி. குழலுக்குள் வெளிச்சம் விட்டுத் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழல்முனையின் விளிம்பில் வெட்டு இருந்தால் குறி ஒருபோதும் நிலைக்காது. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ அரைகுறையாகக் கழற்றியிருக்கிறார்கள். போல்ட்டில் எண் பொறித்திருந்தால் உடலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றுப் போல்ட் என்றால் தோட்டா அறையின் அளவைத் தொழிலாளி கருவி வைத்துச் சோதிக்கும்வரை சுடாதீர்கள். காலித் துப்பாக்கியில் சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டை) போட்டு விசையை அழுத்திவிடுங்கள். பிறகு சேஃப்டியை எடுக்கும்போது தோட்டாவை அடிக்கும் ஊசி விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். பழைய .22களில் தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பார்க்கக் கூடாது. ஊசி அறையின் விளிம்பில் மோதி அதை நசுக்கும். போலித் தோட்டா போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

.22 விளையாட்டுச் சாமான் இல்லை. அந்தக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடும். தண்ணீரிலும் கல்லிலும் பட்டுத் தெறிக்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் ஒரு சூடுகூட வேண்டாம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்கப் பழக்குங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்தது குழலையே பிளந்துவிடும். சுட்டு முடித்ததும் சாப்பிடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், தோட்டாவில் ஈயம் இருக்கிறது.

துப்பாக்கி வாங்கும் அன்றே பூட்டும் பெட்டியும் வாங்குங்கள். அந்தச் செலவையும் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே திட்டமிடுங்கள். போல்ட்டைக் கழற்றி ஓரிடத்திலும், தோட்டாவைப் பூட்டி வேறிடத்திலும் வையுங்கள். 'பிள்ளையின் துப்பாக்கி' என்று பெயர் இருந்தாலும் சாவியும் எண்பூட்டின் எண்ணும் பெரியவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். சுடும் நேரம் முழுக்க அந்தப் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கிச் சுடும் பயிற்சியாளர் ஒருவர்