கோர்வைச் சேலையில் இரண்டு பேர் உழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளன்று தங்கள் நாளிதழில் காஞ்சிபுரம் பட்டு பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளை வைத்து 2015 முதல் இதைக் கொண்டாடுகிறார்கள், எங்கள் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படத்தில் இருந்த சேலையும் நல்ல சேலை. அதை நெய்தவர் எத்தனை நாள் உட்கார்ந்தார், கைக்கு என்ன வந்தது என்று ஒரு வரியாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை. அதனால் என் கணக்கை எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வயது 44. ஒன்பது வயதில் அப்பா தறியில் கரை நாடா போட உட்கார்ந்தேன். நாடா என்பது, குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஊடை இழையில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடல் நாடாவையும் ஒரு பக்கக் கரையையும் நெய்பவர் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் அது வீட்டுப் பிள்ளைகள்தான். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது அதனால்தான். இப்போது பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை, அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் அந்த இன்னொரு ஆளின் கூலியை யார் தருவது என்று அப்போதும் யாரும் பேசவில்லை, இப்போதும் பேசவில்லை. எத்தனை பேர் உட்கார்ந்தாலும் சேலைக்கு ஒரு கூலி.

நாங்கள் முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறவர்கள். அவர் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், தருவார், ஊடைப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத் தருவார். ஒரு பாவில் மூன்று சேலை. போன பாவுக்குச் சேலைக்கு 8,000 வீதம் 24,000 ரூபாய் கூலி. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? ஒவ்வொரு சேலைக்கும் 14 நாள், ஆக 42 நாள் நெய்தேன். பழைய பாவின் நுனியில் புதுப் பாவைப் பிணைத்து, பூ வேலைக்கான ஜக்கார்டு பொறியில் அட்டை மாற்றி, தறியைச் சரிசெய்ய நான்கு நாள். அதற்கு முன்பு, அந்தப் பாவு வரும் வரை சும்மா இருந்தது பத்து நாள். மொத்தம் 56 நாள். கரை நாடா போட வரும் பெண்ணுக்கு நாளுக்கு 300 வீதம் 12,600 கொடுத்தேன். பாவு பிணைத்தவருக்கு 1,000. மிச்சம் 10,400. அதை 56 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 186 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. தார் சுற்றுகிற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூலைச் சுற்றித் தருகிற, என் மாமியாருக்கு இந்தக் கணக்கில் ஒரு பைசா கிடையாது.

2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்த வேலை செய்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களும் வெயிலில் கஷ்டப்படுகிறார்கள். முப்பத்தைந்து வருடம் பழகிய கைக்கு அந்த அளவுகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக் குழியில் ஈரம் ஏறிவிட்டால் பாவு இறுகிப்போகும், இழை அறும். அந்த நாட்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கணவருக்கு முதுகு போய் ஆறு வருடம் ஆகிறது. குழியில் கால் இறக்கி அவரால் உட்கார முடியாது. அன்றிலிருந்து தறியில் இருப்பது நான். ஆனால் முதலாளியின் நோட்டில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. நெசவாளர் அடையாள அட்டையும் அவர் பெயரில்தான். 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில், இந்தத் தொழிலில் இருப்பவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள் என்றும், நெசவாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்றும் வந்தது. அரசுக்கே தெரிந்த கணக்கு இது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறார்கள், அதற்கு நன்றி சொல்கிறேன். கூலியைத் தொட மட்டும் யாரும் முன்வரவில்லை.

சரி, வேறு வேலைக்குப் போகலாமே என்று கேட்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் போய்விட்டார்கள். விடியற்காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. என் மகனும் அதில்தான் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. அவனைத் தறிக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 44 வயதில் என்னை எந்தக் கம்பெனியில் சேர்ப்பார்கள்? கற்ற கையை வைத்தே வேறு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கும் வாசல் அடைத்திருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் கோர்வை சொல்லித்தர ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். டிப்ளமோ இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். விண்ணப்பத்தையே வாங்கவில்லை. அதே நிலையத்து மாணவர்கள் அதற்கு முந்தின வருடம் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனார்கள். உடல் பாவையும் முந்திப் பாவையும் இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பதை என் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் கற்றார்கள். நல்ல பிள்ளைகள், போகும்போது காலில் விழுந்து கும்பிட்டுப் போனார்கள். எனக்கு அதற்குச் சம்பளமும் இல்லை, சொல்லித்தந்தேன் என்று ஒரு தாளும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா தன் தாயாரின் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்தார். முந்தி சேரும் இடத்தில் கிழிந்திருந்தது. பழைய பட்டு வாங்குகிறவர்கள் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக விலை பேசியிருக்கிறார்கள், அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆறு நாள் உட்கார்ந்து இழை சேர்த்துக் கொடுத்தேன். 4,500 ரூபாய் தந்தார். நாளுக்கு 750 ரூபாய். என் கைக்கு இதுவரை வந்த பெரிய நாள்கூலி அதுதான். இப்படிக் கிழிந்த நல்ல சேலைகள் எத்தனை வீட்டு பீரோவில் இருக்கும்! அருங்காட்சியகங்களிலும் பழைய பட்டு இருக்கிறதே. அவற்றைச் சீர்செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோர்வைக் கூலியை நாள் கணக்கில், இரண்டு ஆளுக்கும் சேர்த்து நிர்ணயிக்க வேண்டும். பாவுக்காகக் காத்திருக்கும் நாளுக்குப் பாதிக் கூலியாவது வேண்டும். கூலிச் சீட்டில் நெய்பவர் பெயர் இருக்க வேண்டும், பெண்ணானால் பெண்ணின் பெயர். டிப்ளமோ இல்லாதவர்களைத் தறியில் உட்கார வைத்துப் பார்த்து, கை சரியாக இருந்தால் சான்றிதழ் தர வேண்டும். எழுத்துத் தேர்வு வைத்தால் நான் தோற்றுவிடுவேன். தறியில் வைத்தால் தோற்க மாட்டேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் இன்னும் 40,000 ரூபாய் நிற்கிறது, அது தீராமல் வேறு இடத்துக்கு நெய்ய முடியாது. இப்போது தறியில் இருப்பது அரக்குக் கரை வைத்த மயில் கழுத்து நிறச் சேலை, இந்தப் பாவில் மூன்றாவது. இன்னும் நான்கு நாளில் அறுத்துவிடுவேன். மேலே எழுதிய கணக்கைத் தனித் தாளில் மகளை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். சேலையோடு அதையும் எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கோர்வை நெசவாளி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.